"இன்ஷா அல்லாஹ்" என்றால் "நடக்காது" என்று அர்த்தமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. மகன் வாயைத் திறந்தால் "ப்ராமிஸ்"தான். "இன்னும் அஞ்சே நிமிஷம் உம்மா, அப்புறம் போனைக் குடுத்துடுறேன், ப்ராமிஸ்" என்பான், கேட்டால் தர மாட்டான். "இனிமே தங்கச்சியை அடிக்க மாட்டேன்" என்பான், அரை மணி நேரத்தில் அவள் அழுதுகொண்டு வருவாள். கண்டித்தால் "நான் இன்ஷா அல்லாஹ்னுதானே சொன்னேன்" என்று பதில் வேறு. போன வாரம் கோபத்தில் நயவஞ்சகனின் (முனாஃபிக்) மூன்று அடையாளங்கள் பற்றிய நபிமொழியை (ஹதீஸ்) சொல்லி, "வாக்கு மாறுறவன் முனாஃபிக், நீ அப்படித்தான் இருக்கே" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தூங்கவே இல்லை, "நான் நரகத்துக்குப் போவேனா" என்று கேட்டுக்கேட்டு அழுதான். இப்போது எதைக் கேட்டாலும் "நான் ப்ராமிஸ் பண்ண மாட்டேன்" என்கிறான். அவன் வாப்பாவுக்கு வேலை அதிகம், லீவு நாளில் சைக்கிள் விடக் கூட்டிப்போகிறேன் என்பார், பாதி நாள் முடிவதில்லை, அது வேறு விஷயம். வாக்கைக் காப்பாற்றுவது எவ்வளவு முக்கியம் என்று இந்த வயதில் எப்படிப் புரிய வைப்பது? அல்லாஹ் மேல் சத்தியம் வாங்கினால் பயந்தாவது கேட்பானா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சத்தியம் வாங்காதீர்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் அதற்கு முன்னால் சரி செய்ய வேண்டியது அந்த இரவு.

நீங்கள் சொன்ன ஹதீஸ் ஆதாரப்பூர்வமானதுதான் (ஸஹீஹ்), புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. பேசினால் பொய் பேசுவான், வாக்களித்தால் மாறுவான், நம்பி ஒப்படைத்தால் மோசடி செய்வான் என்று மூன்று அடையாளங்கள். ஆனால் அதை அறிஞர்கள் எப்படி விளக்கியிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். வாக்குக் கொடுக்கும்போதே நிறைவேற்றும் எண்ணம் இல்லாமல் கொடுப்பவனைப் பற்றிய எச்சரிக்கை அது, அதையே வழக்கமாக வைத்திருப்பவனைப் பற்றியது. மறந்துபோகிறவனையோ முயன்று முடியாமல் போகிறவனையோ அது குறிக்கவில்லை. போதாததற்கு உங்கள் மகனுக்கு ஆறு வயது. பருவமடையும் வரை பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்களே சொன்னது. பெரியவர்கள் தங்களை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியை எடுத்து, பல் விழ ஆரம்பித்த பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறோம். உங்களை மட்டும் சொல்லவில்லை, என்னிடம் வருகிற பெற்றோரில் நிறையப் பேர் கோபத்தில் கைக்குக் கிடைத்த ஹதீஸை எடுத்து வீசுகிறவர்கள்தான்.

அதனால் இன்றே, தூங்கப் போகும்முன், விளக்கை அணைத்த பிறகு பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லுங்கள். "அன்னைக்கு உம்மா கோபத்துல தப்பா சொல்லிட்டேன். நீ முனாஃபிக் இல்லை. சின்னப் பிள்ளைங்க தப்பை அல்லாஹ் பாவம்னு எழுதறதில்லை. நீ இப்பதான் கத்துக்கிட்டு இருக்கே. உன்னை அப்படிச் சொன்னதுக்கு உம்மாவை மன்னிச்சுடு." அவ்வளவுதான். இதன் கூடவே "ஆனாலும் நீ..." என்று ஒரு வால் ஒட்டினீர்கள் என்றால் சொன்னதெல்லாம் வீண். அவன் ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம், பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும்.

அவன் ஏன் இப்போது வாக்கே கொடுக்க மாட்டேன் என்கிறான் என்றால், வாக்கின் மதிப்பு புரிந்துவிட்டது என்பதால் அல்ல. வாக்கு என்பது மாட்டிக்கொள்ளும் இடம் என்று புரிந்திருக்கிறது. பயம் ஒரு பிள்ளையைப் பெரும்பாலும் இப்படித்தான் ஒதுங்க வைக்கும், இல்லையென்றால் மறைக்க வைக்கும்.

சரி, அவன் ஏன் மாறுகிறான்? "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொல்கிறான். ஆனால் ஆறு வயதுக்கு அஞ்சு நிமிஷம் என்பது ஒரு அளவே இல்லை, "இப்போ வேண்டாம்" என்பதற்கு நாம் கற்றுக்கொடுத்த மரியாதையான வார்த்தை, அவ்வளவே. வாக்கைக் காப்பாற்ற மூன்று வேலைகள் நடக்க வேண்டும்: சொன்னது ஞாபகம் இருக்க வேண்டும், நேரம் வந்தது தெரிய வேண்டும், அந்த நேரத்தில் கையில் இருக்கும் சுகமானதை விட வேண்டும். மூன்றாவது நமக்கே வராது. (அதிகாலைத் தொழுகையான சுபுஹுக்கு வைத்த அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுத்த நாட்கள் எனக்கும் உண்டு.) "இனிமே தங்கச்சியை அடிக்க மாட்டேன்" என்பது இன்னும் மோசம். அது அவனாகக் கொடுத்த வாக்கில்லை, திட்டு நிற்பதற்காக நீங்கள் கேட்ட வார்த்தையை அவன் திருப்பிச் சொன்னது. வாழ்நாள் முழுக்க ஒன்றைச் செய்யவே மாட்டேன் என்று ஆறு வயதில் யாரால் உறுதி கொடுக்க முடியும்? அடுத்த முறை "இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லு" என்று கேட்க வாய் வரும்போது கடித்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் "மக்ரிப் வரைக்கும் கோபம் வந்தா கையை ஓங்காம என்கிட்ட ஓடி வர்றியா" என்று கேளுங்கள். மக்ரிபுக்கு, அதாவது சூரியன் மறைந்ததும் வரும் தொழுகைக்கு, அரை மணி நேரம்தான் இருக்கிறது என்னும்போது கேளுங்கள், ஜெயிக்கட்டும்.

இனி "இன்ஷா அல்லாஹ்", அதாவது "அல்லாஹ் நாடினால்". நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் உங்கள் கடிதமே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் அதைச் சாக்காகப் பயன்படுத்துகிறான் என்றால் யாரிடம் கற்றான்? நம் வீடுகளில் "சரி" என்றால் "சரி", "இன்ஷா அல்லாஹ் பார்க்கலாம்" என்றால் "நடக்காது, இப்போதைக்கு என்னை விடு". பிள்ளைகள் இதை மூன்று வயதிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமி வாப்பாவைப் பார்த்து, "இன்ஷா அல்லாஹ் சொல்லாதீங்க வாப்பா, நிஜமா சொல்லுங்க" என்றாள். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அல்லாஹ்வின் நாட்டத்தைச் சொல்லும் வார்த்தை அந்தக் குழந்தையின் அகராதியில் "நிஜம்" என்பதற்கு எதிர்ச்சொல்லாகிவிட்டது.

குர்ஆனில் அந்த வார்த்தை எப்படி வருகிறது என்று பாருங்கள். ஸூரத்துல் கஹ்ஃபில், அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல் "நாளைக்கு இதைச் செய்வேன்" என்று எதைப் பற்றியும் சொல்லாதீர் என்று வருகிறது (18:23-24). செய்வேன் என்று உறுதியாக இருப்பவன், "ஆனால் என் கையில் எல்லாம் இல்லை" என்று பணிந்து சொல்வது அது. செய்யும் எண்ணம் இல்லாதவனுக்கு அதில் வேலையே இல்லை.

இதை மகனுக்குச் சொல்ல இரண்டு கதைகள் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று இஸ்மாயீல் (அலை). தந்தையிடம் "இன்ஷா அல்லாஹ் என்னைப் பொறுமையாளராகக் காண்பீர்கள்" என்றார் (37:102), சொன்னபடியே இருந்தார். அவரைப் பற்றிக் குர்ஆன் வேறொரு இடத்தில் சொல்லும்போது எடுத்த எடுப்பில் சொல்வதே "அவர் வாக்கில் உண்மையாளராக இருந்தார்" என்பதைத்தான் (19:54). நபி என்று சொல்வதற்கும் முன்னால் அதைச் சொல்கிறது. (தந்தை அவரை அல்லாஹ்வுக்காக அறுக்கப் போன கட்டத்தை நான்கு வயது மகளுக்கு விவரமாகச் சொல்ல வேண்டாம். ராத்திரி வாப்பாவைப் பார்த்துப் பயந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன்.)

இன்னொன்று மூஸா (அலை). தான் கற்கத் தேடிப் போன கிழ்ரு (அலை) அவர்களுடன் பயணம் போகும்போது ஏறக்குறைய அதே சொற்களைத்தான் சொன்னார்: "இன்ஷா அல்லாஹ் என்னைப் பொறுமையாளராகக் காண்பீர்கள்" (18:69). தானாகச் சொல்லும் வரை எதையும் கேட்கக் கூடாது என்பது கிழ்ரு (அலை) போட்ட நிபந்தனை. அவர் கப்பலில் ஓட்டை போட்டதை மூஸா (அலை) பார்த்தார், பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டார். உடனே என்ன சொன்னார்? "நான் இன்ஷா அல்லாஹ் என்றுதானே சொன்னேன்" என்றா சொன்னார்? இல்லை. மறந்துவிட்டேன், அதற்காக என்னைக் குற்றம் பிடிக்காதீர்கள் என்றார். இரண்டாம் தடவையும் தவறியபோது, இனி ஒருமுறை கேட்டால் என்னைக் கூட வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அதன் விளைவையும் தானே ஏற்றுக்கொண்டார். அவ்வளவு பெரிய நபிக்கே ஒரு வாக்கைக் காப்பது கடினமாக இருந்தது, அவர் அதைச் சாக்குச் சொல்லி மூடவில்லை. உங்கள் மகனுக்கு இஸ்மாயீல் (அலை) கதையைவிட இதுதான் இப்போது அவசரம் என்பது என் எண்ணம். தவறிய பிறகு என்ன செய்வது என்று அவனுக்கு இதுவரை யாரும் காட்டவில்லை, தவறக் கூடாது என்று மட்டுமே சொல்லியிருக்கிறோம்.

இப்போது அந்த "வேறு விஷயம்". அவன் வாப்பாவின் சைக்கிள். அது வேறு விஷயம் இல்லை சகோதரி.

என்னிடம் வந்த ஒரு தந்தை சொன்னது இது. பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் விளையாடப் போகலாம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். பள்ளிவாசலில் யாரோ பிடித்துக்கொண்டார்கள், பேச்சு நீண்டது, மக்ரிபையும் முடித்துவிட்டுத்தான் வந்தார். மகள் வாசல் படியில் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், காலில் ஷூ. தானாகவே மாட்டியிருந்தாள், இடதும் வலதும் மாறியிருந்தது. அவர் தூக்கி உள்ளே படுக்க வைத்து ஷூவைக் கழற்றினார், காலையில் அவளும் எதுவும் கேட்கவில்லை, இவரும் எதுவும் சொல்லவில்லை. "அவ மறந்துட்டான்னு நெனச்சேன்" என்றார். ஒரு மாதம் கழித்துத்தான், எதைச் சொன்னாலும் மகள் நம்புவதில்லை என்று என்னிடம் வந்தார்.

2013இல் வெளியான ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 பிள்ளைகளிடம், "கொஞ்சம் இரு, படம் வரைய நல்ல பொருளாகக் கொண்டுவருகிறேன்" என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது, மீதிப் பேரிடம் திரும்பி வந்து "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்றார். இதே மாதிரி இரண்டு முறை. அதற்குப் பிறகு ஒரு இனிப்பை முன்னால் வைத்து, சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டாகத் தருவேன் என்றார். வாக்கு நிறைவேறிய பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். இரண்டு கூட்டமும் ஒரே வயதுப் பிள்ளைகள்தான், இடையில் நடந்தது ஒரு பெரியவரின் இரண்டு வார்த்தைகள். போனைத் திருப்பித் தராத உங்கள் மகனைப் பார்த்தால் எனக்கு அந்த 3 நிமிடப் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். "இப்போ குடுத்தா அப்புறம் தருவேன்" என்று நீங்கள் சொல்வதை அவன் நம்பவில்லை, அதனால் கையில் இருப்பதை விடவில்லை.

நம் மார்க்கத்தில் இது புதுச் செய்தி இல்லை. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) தன் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை அறிவிக்கிறார், அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் அமர்ந்திருக்கும்போது தாயார் அவரை "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று கூப்பிட்டார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்றார் தாய். நீ எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். பிள்ளையைக் கூப்பிடச் சொல்கிற ஒரு வார்த்தை, அதைக்கூட விடவில்லை. எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றும்: இதை நமக்கு அறிவிப்பவர் அந்தத் தாய் இல்லை, அந்தப் பிள்ளை. பெரியவராகும் வரை மறக்கவில்லை.

ஆகவே மகனின் வாக்கைத் திருத்துவதற்கு முன்னால் வீட்டில் ஓடும் வாக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். "அழாதே, நாளைக்கு வாங்கித் தர்றேன்", "சாப்பிடு, அப்புறம் போகலாம்", "இன்னொரு தடவை செஞ்சா உன்னை வீட்டுலயே விட்டுட்டுப் போயிடுவேன்", இவற்றில் செய்யப்போவது எத்தனை? மிரட்டலும் வாக்குதான், நடக்காத மிரட்டல் நடக்காத வாக்குதான். தெரியாததற்குத் "தெரியவில்லை" என்று சொல்லுங்கள், முடியாததற்கு "முடியாது" என்று சொல்லுங்கள், அழட்டும், அந்த அழுகை சீக்கிரம் அடங்கிவிடும். இன்ஷா அல்லாஹ்வை நிஜமாகவே செய்யப்போகும் காரியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் இப்படி நடந்தால் அந்த வார்த்தைக்கு உங்கள் வீட்டில் மறுபடி உயிர் வந்துவிடும். வாப்பாவுக்கும் இதைச் சொல்லுங்கள்: வாரா வாரம் என்று சொல்ல வேண்டாம், முடிகிற ஒரு லீவு நாளைச் சொல்லட்டும், வேலை வந்துவிட்டால் அவரே மகனைக் கூப்பிட்டு, "வாப்பா வாக்குக் கொடுத்தேன், முடியலை, மன்னிச்சுக்கோ, இதுக்குப் பதிலா இந்த நாள்" என்று சொல்லட்டும். உங்கள் வழியாகச் சொல்லியனுப்பக் கூடாது.

மகன் பக்கத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நிமிடக் கணக்கை விட்டுவிட்டு அவன் கண்ணுக்குத் தெரியும் முடிவு ஒன்றைச் சொல்லுங்கள், "இந்த வீடியோ முடிஞ்சதும்" என்பது போல. முடியும்போது பக்கத்தில் போய் நின்று கையை நீட்டுங்கள், சமையலறையிலிருந்து கத்தாதீர்கள். கொடுத்தால் "சொன்ன மாதிரியே செஞ்சுட்டியே" என்று ஒரு வரி, அது போதும். பரிசு, ஸ்டிக்கர், பணம் எல்லாம் வேண்டாம், வாக்கு வியாபாரமாகிவிடும். கொடுக்காவிட்டால் பிரசங்கம் செய்யாமல் நீங்களே எடுத்துவிடுங்கள், பிறகு அமைதியானதும் "முடிஞ்சதும் தர்றேன்னே, கஷ்டமா இருந்துச்சா?" என்று கேளுங்கள். விளையாட்டுச் சாமானை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி மறந்தால் இரவானாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், கூட உட்கார்ந்து நீங்களும் இரண்டு எடுத்துப் போடுங்கள். தாமதமான வாக்கும் வாக்குதான் என்று கைக்குப் பழக வேண்டும். மகளிடம் எந்த வாக்கும் கேட்காதீர்கள், நாலு வயது, அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

சத்தியத்துக்கு வருகிறேன். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் செய்யும் சத்தியம் சாதாரண வாக்கு இல்லை. பெரியவர் ஒருவர் அதை முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுப்பது, அதற்கு வசதி இல்லாவிட்டால் மூன்று நாள் நோன்பு என்று பரிகாரமே இருக்கிறது (5:89). பருவமடையாத பிள்ளைக்கு அந்தப் பரிகாரம் இல்லை என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து, ஆனால் பிரச்சினை அது இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி ஐந்து தடவையும் முறிக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயரின் கனம் என்ன ஆகும்? போன் ஒன்றுக்காக அதைச் செலவழிக்க வேண்டாம். "உம்மா தலை மேல சத்தியம்" என்பதும் வேண்டவே வேண்டாம், அல்லாஹ் அல்லாத எதன் மீதும் சத்தியம் செய்ய மார்க்கத்தில் அனுமதி இல்லை, உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அது தன்னால்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வாக்கைப் பற்றிப் பேசும் எந்தப் பெற்றோரிடமும் இதைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று நன்றாகப் படிந்த பிள்ளையிடம், ஒரு பெரியவர் தப்பாக நடந்துவிட்டு "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணு" என்றால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளை காப்பாற்றும். உறவினராக இருக்கலாம், ஓதிக்கொடுப்பவராக இருக்கலாம், பெரிய பையன்களாக இருக்கலாம். அதனால் இப்போதே, இரண்டு பிள்ளைகளிடமும், சாதாரணமாகப் பேசுவது போலச் சொல்லி வையுங்கள்: யாராவது உன் உடம்பைத் தொட்டுவிட்டு, வலிக்க வைத்துவிட்டு, பயமுறுத்திவிட்டு, உம்மாகிட்டயும் வாப்பாகிட்டயும் சொல்லாதே என்று வாக்குக் கேட்டால், நீ சரி என்று சொல்லியிருந்தாலும் அது வாக்கே இல்லை, ஓடி வந்து சொல்லு, உம்மா திட்ட மாட்டேன். இது மார்க்கத்துக்கு வெளியே நின்று சொல்வதல்ல. அல்லாஹ்வுக்கு மாறு செய்வதாக நேர்ச்சை செய்தவர்கூட அதை நிறைவேற்றக் கூடாது என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். நேர்ச்சைக்கே அப்படி என்றால், பயமுறுத்தி வாங்கிய வாக்கு எம்மாத்திரம். அவன் இப்போது முனாஃபிக் என்ற சொல்லுக்குப் பயந்திருக்கிறான் என்பதால் உங்கள் வீட்டில் இதை இன்னும் சீக்கிரம் சொல்ல வேண்டும்.

நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அவர்கள் கதையை எட்டொன்பது வயதுக்கு வைத்திருங்கள். அவரும் தந்தையும் வழியில் எதிரிகளான மக்காவின் குறைஷியரிடம் மாட்டிக்கொண்டு, போரில் சேர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் விடுபட்டார்கள். பத்ருப் போருக்கு ஒவ்வொரு ஆளும் தேவைப்பட்ட நேரம், எதிரிக்குக் கொடுத்த வாக்கு, இருந்தும் நபி (ஸல்) அவர்கள் அதைக் காப்பாற்றச் சொல்லி இருவரையும் போரில் சேர்க்கவில்லை. முஸ்லிமில் இருக்கிறது. அந்த வயதில் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு நியாயம் பேசுவார்கள், "எதிரிதானே வாப்பா?" என்பார்கள், விடாமல் கேட்பார்கள். ஆறு வயதில் சொன்னால் வாளும் குதிரையும்தான் மனதில் நிற்கும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கணவரையும் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, "நாங்க உனக்குச் சொல்லிட்டுச் செய்யாதது என்னவெல்லாம் இருக்கு?" என்று மகனிடம் கேளுங்கள். சொல்லச்சொல்ல எழுதுங்கள், "அது அப்படி இல்லைடா" என்று குறுக்கே பேசாதீர்கள், அவர் பேசினால் காலை மிதியுங்கள். முடியாததை முடியாது என்று அவன் முன்னாலேயே அடித்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள், முடிவதில் மிகச் சின்னதை அன்றைக்கே செய்யுங்கள். சைக்கிள் அதில் முதலாவதாக வரும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கென்னவோ உங்களுக்குச் சுத்தமாக ஞாபகமே இல்லாத ஒன்றைத்தான் அவன் முதலில் சொல்வான் என்று தோன்றுகிறது.